மூன்று ஊர் வருவாயும் மார்ச்சு 31-ம்

புதுச்சேரிப் பகுதியில் எங்கள் ஊரான நெட்டப்பாக்கத்திற்குக் கிழக்கே சில கல் தொலைவில் இருக்கும் பாகூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உயர்கல்வி புகட்டிவந்த ஒரு வித்யாஸ்தானம் இருந்தது என்பதும், அதன் பராமரிப்புக்கென்று சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டன என்பதும் பாகூர்ச் செப்பேடுகளால் நமக்குத் தெரியவருகின்றன. எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராஜாதிராஜ சோழன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி 72 வேலி நிலத்தின் விளைவைக் கொண்டு நடந்துவந்தது. அதற்கும் முன்னதாக, விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திரன் காலத்தில், 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்குமாக 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. இளைய மாணாக்கனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேற்படிப்புப் படிப்பவனுக்கு 1 குறுணி 2 நாழி நெல் என்று படியளக்கும் கணக்குக்கூட அங்கே கல்லில் வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

பழம்பெருமை பேசும் நோக்கத்தோடு இந்தச் சாசனங்களை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே கற்பிக்கப்பட்டவை வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் போன்ற சாஸ்திரங்களே. அந்தக் கல்விச்சாலைகளின் வாயில் ஒரு வகுப்பாருக்கு மட்டுமே திறந்திருந்தது. எந்த வயல்களின் நெல் அந்த மாணாக்கர்களின் பசி தீர்த்ததோ அந்த வயல்களில் ஏர் பிடித்தவனுடைய மகனுக்கும் நாற்று நட்டவளுடைய மகளுக்கும் அங்கே இடமில்லை. அந்த அநீதியை மூடிமறைத்துவிட்டு அவற்றின் புகழைப் பாடுவது நேர்மையாகாது. ஆயினும், கல்விக்குப் பொருள் ஒதுக்குவது எப்படி என்பதில் அக்காலத்தார் அறிந்து வைத்திருந்த ஒரு நுட்பத்தை, இருபத்தோராம் நூற்றாண்டின் நிதி அமைச்சகங்கள் இன்னும் சரியாக உணர்ந்துகொள்ளவில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். பொன்முடிப்பை ஒருமுறை கையில் கொடுத்து விழா எடுத்துவிட்டுப் போகாமல், அவர்கள் விளைநிலத்தைக் கொடுத்தார்கள். அரசன் போருக்குப் போனாலும், அமைச்சன் மாறினாலும், அடுத்த போகத்தில் அந்த நிலம் விளையும். விளைந்தால் படி அளக்கப்படும். அடுத்த ஆண்டும் பாடம் நடக்கும் என்ற நம்பிக்கையோடு ஆசிரியன் இன்று ஏட்டை விரிக்கலாம். திருபுவனையில் இன்னும் ஒரு படி மேலே சென்று, கற்பிப்போரையும் கற்போரையும் ஊர்ச் சபையின் வாரியப் பணிகளிலிருந்து விலக்கியும் வைத்திருந்தார்கள்.

நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் போதாது என்பது பலரும் அறிந்த குறை. அதைவிடப் பெரிய குறை, கொடுக்கும் பணம் ஸ்திரமாக, குறித்த காலத்தில், ஆண்டுதோறும் வருவதில்லை என்பதே. இந்த இரண்டாவது குறையைப் பற்றியே நான் முக்கியமாக எழுத விரும்புகிறேன். என்றாலும் முதற்குறையின் அளவையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-21-ஆம் ஆண்டில் இந்தியா ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்குமாகச் செலவிட்டது அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கும் மேலும், தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேலும் செலவிடுகின்றன. 2013-ல் வெளியான நம்முடைய விஞ்ஞான, தொழில்நுட்பக் கொள்கை 2 சதவீதத்தை இலக்காக வைத்தது. அந்த இலக்கு இன்றும் எட்டாத தூரத்திலேயே நிற்கிறது. அந்தச் சிறிய தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்கள் வழியாகச் செலவாவது 8.8 சதவீதம் மட்டுமே. மாநில அரசாங்கங்களின் பங்கு 6.7 சதவீதம். அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு ஆகியவற்றின் பெரிய ஆய்வுக்கூடங்கள் அவசியமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய இளைஞர்களை உருவாக்கி அனுப்புவது பல்கலைக்கழகமே என்பதை மறந்துவிட்டு, ஊற்றைத் தூர்த்துக்கொண்டே ஆற்றில் நீர் ஓட வேண்டுமென்று நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்திரமான நிதி என்ன செய்யும் என்பதற்குத் தொலைதூர தேசங்களில் உதாரணம் தேட வேண்டியதில்லை. புதுச்சேரி இந்திரா நகரில் 1975-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் கண்முன்னேயே இருக்கிறது. யானைக்கால் நோய் இப்பகுதியில் எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதை ஐம்பது வயது கடந்த எவரும் சொல்வார்கள். வீங்கிய காலை வேட்டியால் மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களும், அதே காரணத்தால் திருமணம் தட்டிப்போன பெண்களும் அன்று எல்லாத் தெருக்களிலும் இருந்தார்கள். அந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை, அது முட்டையிடும் சாக்கடையிலிருந்து அது இளைப்பாறும் சமையலறைச் சுவர் வரைக்கும் பின்தொடர்ந்து படித்தவர்கள் அந்த மையத்தார். பி. கே. இராஜகோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில், 1981 முதல் 1985 வரை, புதுச்சேரி நகரில் அவர்கள் நடத்திய ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுத் திட்டம், மருந்து தெளிப்பதை மட்டும் நம்பியிராமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமற்செய்வதில் கருத்தைச் செலுத்தியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் அவை தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்துக்கு வருகின்றன. ஆகையால் ஆய்வாளன் இரவில்தான் வீடு வீடாகப் போக வேண்டும். வேலை செய்து களைத்து, உண்டு, பாயில் சாய்ந்த மனிதரை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, சில துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பெயரும் வயதும் எழுதி, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் வேறொருவர் கைவிளக்கும் உறிஞ்சு குழாயுமாக அதே வீட்டுக்கு வந்து, இருண்ட மூலையிலும் கொடியில் தொங்கும் துணி மறைவிலும் அமர்ந்திருக்கும் கொசுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் செல்வார். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கொசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் கீறித் திறந்து, உள்ளே புழுவின் இளநிலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓரிரவில் இது எதையும் சொல்லாது. ஓராண்டிலும் அதிகம் சொல்லாது. மழை மிகுந்த ஆண்டையும் வறண்ட ஆண்டையும் ஒப்பிட்டு, மருந்து கொடுத்த ஊரையும் கொடுக்காத ஊரையும் ஒப்பிட்டு, பல ஆண்டுகள் அதே தெருக்களில் அதே கேள்வியைக் கேட்டால்தான் விடை கிடைக்கும். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் அந்த மையம் அப்படிப் பல்லாண்டுகள் மருந்து வழங்கி ஆராய்ந்தது. 2004-ல் தேசமெங்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்கும் இயக்கம் தொடங்கியபோது அதற்கு அடிப்படையாக இருந்த ஞானத்தில் நம் பக்கத்து ஊர் ஜனங்களின் விரல் நுனி இரத்தமும் சேர்ந்திருக்கிறது. கொசுப் புழுவைக் கொன்று பிற உயிர்களை விட்டுவிடும் ஒரு வகைப் பாக்டீரியாவைப் புதுச்சேரி மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து, அதைத் தயாரிக்கும் முறையையும் வகுத்து, தொழில் நிறுவனங்களுக்கு அளித்ததும் இதே மையமே. இவையெல்லாம் மூன்றாண்டுத் திட்டத்தில் முளைத்தவை அல்ல.

இனி, எங்கள் கொம்யூனின், அதாவது எங்கள் பஞ்சாயத்துப் பகுதியின், இன்றைய கேள்விகளை எண்ணிப் பார்க்கிறேன். நெட்டப்பாக்கம் கொம்யூன் தமிழ்நாட்டு எல்லைக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கும் பூமி. நெல்லும் கரும்பும் சவுக்குமாக நிலத்தடி நீரை நம்பி வாழ்கிற பூமி. ஆழ்குழாய்க் கிணறு ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போகிறது. ஒரு வரப்புக்கு இந்தப்புறம் புதுச்சேரியின் சட்டமும் அந்தப்புறம் தமிழ்நாட்டின் சட்டமும் செல்லுபடியாகின்றனவே தவிர, பூமிக்குள் ஓடும் நீருக்கு எல்லைக்கல் கிடையாது. கிழக்கே கடலை ஒட்டிய பகுதிகளில் உவர்நீர் உட்புகும் அபாயமும் இருக்கிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது, சங்கராபரணியும் தென்பெண்ணையும் எவ்வளவு ஊட்டுகின்றன, ஏரியைத் தூர்வாரினால் எத்தனை கிணறுகளுக்குப் பயன் என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால், அதே கிணறுகளை அதே மாதங்களில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒருவர் அளந்துகொண்டிருக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. அதை அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், எந்த வாய்க்கால் அதைத் தாங்கும், எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்பவை ஆராய்ச்சிக் கேள்விகள். டில்லியிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு இவை சில்லறைக் கேள்விகளாகத் தோன்றக்கூடும். இவற்றைச் சிரத்தையோடு கேட்கக்கூடியவர்கள் இந்த மண்ணில் பிறந்து, இங்குள்ள கல்லூரியில் படித்து, இங்கேயே ஆராய்ச்சி செய்ய வழி கிடைத்தவர்கள்தாம்.

அரசாங்கப் பணமும் பல்கலைக்கழகமும் சரியாகப் பொருந்தினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீநிவாச ராமானுஜனுக்கு, 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல், மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்துச் சென்னைச் சர்வகலாசாலை ஏற்றுக்கொண்டது. அவரிடம் பட்டம் இல்லை, எஃப்.ஏ. பரீட்சையிலேயே தேறாதவர். வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தை மதித்து, விதியைத் தளர்த்தி அந்த உதவியைச் செய்தார்கள். அதற்குப் பிரதியாக அவர்கள் கேட்டது என்ன என்பது கவனிக்கத்தக்கது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாம் செய்த ஆராய்ச்சியைப் பற்றி ஓர் அறிக்கை. இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் ராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். கணித அறிஞர்கள் அவற்றைப் பிற்காலத்திலும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கணக்குக் கேட்டார்கள், ஆனால் அது கணிதக் கணக்கு. வாங்கிய காகிதத்துக்கு ரசீது கேட்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

இரண்டாவது, ஜி. என். இராமச்சந்திரன். 1952-ல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குப் பேராசிரியராக வந்த அவருக்கு, துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் ஆய்வுக்கூடம் அமைக்க ஆதரவளித்தார். பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜென் என்னும் புரதத்தின் வடிவத்தை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் வெளியிட்டார்கள். 1963-ல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றைக்கு உலகில் எந்தப் புரத ஆராய்ச்சிக்கூடமும் நடப்பதில்லை. கவனியுங்கள்: இது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்குப் பாடம் நடந்த கட்டடத்தில், பத்தாண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் நடந்த காரியம். அடுத்தடுத்து இருந்த இரண்டு நிறுவனங்கள், ஒரு துணைவேந்தரின் உறுதி, தொடர்ந்து வந்த மானியம் ஆகியவை கூடியிருந்தன. இப்படிப்பட்ட சேர்க்கை இன்று நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏன் அபூர்வமாகிவிட்டது என்பதை ஆட்சியாளர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காரணங்களுள் ஒன்றை நான் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஓர் ஆசிரியருக்கு மூன்றாண்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று அனுமதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆணை ஜூன் மாதத்தில் வந்தால், முதல் தவணைப் பணம் பல சமயங்களில் அந்த நிதியாண்டின் கடைசிக் காலாண்டில்தான் கைக்கு எட்டுகிறது. மார்ச்சு 31-ஆம் தேதிக்குள் செலவழித்து, பயனீட்டுச் சான்றிதழ் தயாரித்து, தணிக்கையாளர் கையொப்பம் வாங்கி அனுப்பினால்தான் அடுத்த தவணை பற்றிய பேச்சே எழும். செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். ஆகவே பிப்ரவரி மாதத்தில் ஆய்வுக்கூடம் ஒரு கடையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. ஆராய்ச்சி மாணவி, நுண்ணோக்கியை விட்டு எழுந்துவந்து, மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பாள். ஆறு மாதத்தில் காலாவதியாகும் இரசாயனத்தை ஓராண்டுக்குப் போதுமான அளவில் வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்குவார்கள். ஏனென்றால் ஏப்ரலில் பணம் இராது. ஏப்ரல் முதல் அடுத்த தவணை வரும் வரைக்கும், உதிரிப்பாகம் பழுதானால் கருவி நிற்கும். திட்டத்தில் நியமிக்கப்பட்ட உதவியாளருக்குச் சம்பளமும் நிற்கும். வயலிலோ குளத்திலோ மாதந்தோறும் எடுக்க வேண்டிய மாதிரி, ஓரிரு மாதங்கள் எடுக்கப்படாமல் விட்டுப்போனால், அந்த ஆண்டின் அளவீடே பயனற்றுப்போய்விடும். பருவமழை நிதியாண்டைப் பார்த்துப் பெய்வதில்லை.

வரி விஷயத்திலும் இந்த நிலையின்மையைக் கண்டோம். அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் விஞ்ஞானக் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த சலுகை வரி, 2022 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டு, பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதமாயிற்று. அரசாங்கம் ஒரு கையால் கொடுத்த மானியத்தில் ஒரு பகுதியை மறு கையால் எடுத்துக்கொண்டது. பின்னர் ஆராய்ச்சி மானியத்தின் மீதே வரி கேட்டுச் சில நிறுவனங்களுக்கு அறிவிப்புப் போய், கூக்குரல் எழுந்து, 2024 செப்டம்பரில்தான் ஜி.எஸ்.டி. மன்றம் மானியங்களுக்கு விலக்கு அளித்தது. 2025 ஜூனில் கருவிகள் கொள்முதல் செய்யும் விதிகளைத் தளர்த்தி, துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அதிக அதிகாரம் கொடுத்தார்கள். அது நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன்.

எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது உபகாரச் சம்பளத்தின் நிலைமை. தேசியத் தகுதித் தேர்வின் வழியாக வரும் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள், நியாயமான தொகையே. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தேசியத் தேர்வின் உதவித்தொகை பெறாமல் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்படுவது மாதம் 8,000 ரூபாய். பல்லாண்டுகளாக அந்தத் தொகை அசையவே இல்லை. எங்கள் கொம்யூனில் நடவுக்குப் போகும் ஒரு பெண் மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தால் ஈட்டுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இருக்காது. அப்படிப்பட்ட தாயின் மகள் எம்.எஸ்ஸி. முடித்து, ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் விடுதிக்கும் உணவுக்கும் கட்டிவிட்டு வீட்டுக்கு என்ன அனுப்புவாள்? பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படும் இன்ஸ்பயர் உதவித்தொகையே 2025-ல் மாதக்கணக்கில் வராமல் நின்றுபோய், மாணவர்கள் கடன் வாங்கிக் காலந்தள்ளியதைப் பத்திரிகைகளில் படித்தோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மாதங்களைக் கடந்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும். அல்லது சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிடும். சட்டத்தால் எல்லோருக்கும் திறந்துவைத்த வாயில், சம்பளம் தாமதமாவதால் சிலருக்கு மட்டும் மறுபடியும் மூடிக்கொள்கிறது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து முதன்முதலில் விடுபட்ட பகுதிகளுள் ஒன்றான இந்த மண்ணிலிருந்து, பழைய வித்யாஸ்தானங்களின் வயல்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இப்போதுதான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக 2023-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட அனுசந்தான் நிதியத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் அரசாங்கத்தின் பொறுப்பு 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தொழிலதிபர்களும் தர்மசிந்தையுள்ள தனவந்தர்களும் பிறரும் கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பு. தனவந்தர்கள் கொடுக்கட்டும், அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வரவழைத்ததை யார் மறக்க முடியும்? ஆயினும் ஒரு நாட்டின் அடிப்படை விஞ்ஞானம், பிறருடைய தாராளத்தை எதிர்நோக்கி வரவு செலவுத் திட்டம் போட முடியாது. 2025-ல் தொடங்கிய ஒரு இலட்சம் கோடி ரூபாய் நிதியோ தனியார் துறையின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் முதலியவற்றைக் கொடுப்பதற்கானது. பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவர அது உதவலாம், கிணற்று நீரை அளப்பவருக்கு அதில் இடமில்லை. பெரிய நிறுவனத்தை மையமாகவும் சிறிய பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் இணைக்கும் திட்டம் ஒன்றை அனுசந்தான் தொடங்கியிருப்பது நல்ல எண்ணமே. அந்தக் கிளை எங்கள் பக்கத்து அரசுக் கல்லூரி வரைக்கும் நீளுமா என்பதுதான் என் கவலை.

புதுச்சேரியில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. 1985-ல் பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்த புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது, 1955-ல் பிரெஞ்சு அரசு தொடங்கி, எழுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து பொருளுதவி செய்துவரும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உப்பங்களா என்னும் இடத்துக் காட்டில் அந்நிறுவனத்தார் குறித்த மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்துவருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலான அந்தக் குறிப்பேடு விலைமதிப்பற்றது. ஆனால் நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்வது தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில். அங்கே முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தம் பாடத்தில் ஏதேனும் கண்டறிய வேண்டும் என்ற தாகமும் அவர்களுக்கு இருக்கிறது. ஆராய்ச்சிக்கென்று ஆண்டுதோறும் நிச்சயமாக வரும் தொகைதான் இல்லை.

சாலையும் சாக்கடையும் குடிநீரும் சரியாக இல்லாத ஊரில் ஆராய்ச்சிக்கு என்ன அவசரம் என்று கேட்பவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை; அது நியாயமான கேள்வி. சாக்கடையை எங்கே, எந்தச் சரிவில் வெட்டினால் கொசு பெருகாது என்று சொன்னதும் ஆராய்ச்சிதான் என்பதே என் விடை. நகலெடுத்த ஆய்வேடுகளும், காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் பத்திரிகைகளும் மலிந்துவிட்ட காலத்தில் பல்கலைக்கழகத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. அந்த நோய் இருப்பது உண்மை. அதைக் கண்டு வெட்கப்படுகிறேன். ஆனால் எத்தனை கட்டுரை என்று எண்ணி மதிப்பெண் போட்டதால்தான் அந்த வியாபாரமே தழைத்தது. ராமானுஜனிடம் கேட்டதுபோல், என்ன கண்டீர் என்று, அந்தத் துறை அறிந்தவர்கள் உட்கார்ந்து கேட்டால் போலி ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது.

நான் வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. உபகாரச் சம்பளம் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மாணவர் கணக்கில் சேர வேண்டும். டில்லியிலிருந்து தவணை தாமதமானால் பல்கலைக்கழகமே முன்பணமாகக் கொடுத்துப் பின்னர் ஈடுசெய்துகொள்ளும் வகையில், அதற்கென்றே ஒரு சுழல்நிதியை மத்திய அரசு வைத்துக்கொடுக்க வேண்டும். அந்த 8,000 ரூபாயை வாழக்கூடிய தொகையாக உயர்த்த வேண்டும். அனுமதியான திட்டத்தின் பணம் மார்ச்சு 31-ஆம் தேதியைத் தாண்டித் திட்டம் முடியும் வரை ஆய்வுக்கூடத்திலேயே இருக்க வேண்டும். நிலத்தடி நீர், வெள்ளம், பயிர், நோய்க்கடத்திகள் போன்றவற்றில் பதினைந்து ஆண்டுக்குக் குறையாத தொடர் அளவீடுகளுக்குத் தனி மானியம் ஒதுக்க வேண்டும். புதுச்சேரி அரசாங்கமும் எல்லாவற்றுக்கும் டில்லியை நோக்கிக்கொண்டிராமல், தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வோர் அரசுக் கல்லூரிக்கும் ஒரு சிறு ஆராய்ச்சித் தொகையை நிரந்தரத் தலைப்பாகச் சேர்த்து, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைக் குறைப்பதில்லை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் செய்யலாம். நெட்டப்பாக்கத்தின் சட்டமன்ற உறுப்பினரும் பாகூரின் உறுப்பினரும் வரும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று இப்பகுதி வாக்காளர்களில் ஒருவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். தொகை எவ்வளவு என்பதை அவர்கள் விவாதித்து முடிவு செய்யட்டும், அது ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலேயே கல்லூரியின் கணக்குக்கு வந்துசேர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதிருக்கட்டும்.